நீர்நிலை ஏதும் இல்லை

எங்கள் அச்சகத்தில் முதலாளியில் தொடங்கி பைண்டிங் பெண்கள் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். இருந்தாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், அதுவும் கொஞ்சம் பயந்துகொண்டு. காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும்போது, நாளைக்கு லோடு ஏற்ற வேண்டிய வேலையை ஒருத்தி சிவப்புப் பேனாவோடு மடக்கிப் பிடித்து, "இதை எளுதுனவக பாத்துட்டு எளுதுனாகளா, பாக்காம எளுதுனாகளா?" என்று கேட்டால் சிவகாசியில் எந்த முதலாளிக்கும் பயம் வரத்தான் செய்யும்.

அக்காவுக்கு வேலை பிழை திருத்துவது. நான் அதே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்ததைத்தான் சொல்கிறேன். நான் அடித்துக் கொடுக்கும் தாளை அக்கா மூக்குக்கு நேராகப் பிடித்துப் படிப்பாள். ஒற்றும் காலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் அக்கா எழுத்தோடு நிற்கமாட்டாள். எழுதியிருக்கும் சங்கதி நிஜமா என்றும் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அதைச் சுற்றி வட்டம் போடுவாள். அந்த வட்டத்துக்குப் பதில் வராமல் தாள் அவள் மேசையை விட்டு நகராது.

திருத்தங்கல்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். மணப்பெண் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று இருந்தது. அந்தப் பெண் அக்கா வரும் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போய்வந்தாள். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கியிருக்கே அண்ணாச்சி? கல்யாண அலைச்சல்ல மறந்துபோயி எளுதிட்டீக போல" என்றாள். மாப்பிள்ளையின் சித்தப்பா அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அந்த மனிதர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அக்கா அவரைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. உலகத்தில் பொய் என்று ஒன்று இருப்பதாகவே அக்கா நினைக்கவில்லை. எல்லாம் கவனப்பிசகு. சுட்டிக்காட்டினால் எவரும் திருத்திக்கொள்வார்கள், அதற்கு நன்றியும் சொல்வார்கள். நாற்பது வயதுப் பெண் இப்படி இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். இருந்தாள்.

தில்லியிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம் எங்கள் மேசைக்கு முதலில் வந்தது ஒரு பட்டாசு லேபிளில். வெடியின் சத்தம் நான்கு மீட்டர் தூரத்தில் இத்தனை டெசிபலுக்கு மேல் போகாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அக்கா வட்டம் போட்டுவிட்டாள். பட்டாசுக் கம்பெனி மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"ஆரு அளந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"எக்கா, சுற்றுச்சூழலுக்குன்னு டெல்லியில ஒரு மந்திரி ஆபீசு இருக்கு. அவக போடச் சொன்னாக. போடுறோம்."

"போடச் சொன்னாகளா, அளக்கச் சொன்னாகளா?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். கடைசியில் அளந்த காகிதம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அந்த லேபிள் அச்சுக்குப் போனது. ஆனால் அக்காவின் மனதில் அந்த அமைச்சகம் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டது. "எங்கனயோ டெல்லியில உக்காந்துக்கிட்டு, நம்ம ஊரு வெடிய நாலு மீட்டரு தள்ளி நின்னு அளக்கணும்னு எளுதியிருக்காக பாரு தாயி. அவக பாத்துட்டு எளுதுறவக" என்று என்னிடம் சொன்னாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் கிடையாது.

ஆவணியில் காலண்டர் வேலை எங்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ரசாயனக் கம்பெனியின் ஏஜென்ட் வந்தார். அச்சு மைக்கு வேண்டிய சாயப்பொருள் செய்யும் ஆலை ஒன்றைக் கம்பெனி கட்டப்போகிறது. அதற்குத் தில்லி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன்னால் ஓர் அறிக்கை எழுதி, அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஊருக்குக் கொடுத்து, கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கம்தான் எங்களுக்கு வந்த ஆர்டர்.

அறிக்கையை யார் எழுதுவது? ஆலை கட்டப்போகிற கம்பெனியே ஆள் வைத்து எழுதிக்கொள்ளலாம். விதியே அப்படித்தான். பரீட்சை எழுதுகிறவனே தன் பேப்பரைத் திருத்துவதற்கு ஆளும் பிடித்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. இந்த விதியை யார் யோசித்துப் போட்டார்களோ, அவர்களை ஒரு நாள் நேரில் பார்த்தால் கேட்பதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

நான்தான் அடித்தேன். ஆறாம் பக்கத்தில் ஆலை வரும் இடத்தின் ஊர்ப் பெயர் வந்தது. ஆனைக்குட்டம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் என் ஊர். சர்வே எண்ணைப் பார்த்தேன். எங்கள் கண்மாய்க் கரையை ஒட்டிய புன்செய்க் காடு. என் அப்பாவின் கிணற்றுக்கும் அதற்கும் இடையில் நாலு வயல்கூட இல்லை. அடுத்த வரி இப்படி இருந்தது: ‘திட்ட இடத்தைச் சுற்றிலும் நீர்நிலை ஏதும் இல்லை. நிலம் பயனற்ற தரிசு.’

அன்று காலை அந்தக் கண்மாய்க் கரையில் நடந்துதான் நான் பஸ்ஸுக்கு வந்திருந்தேன். சேலைக் கரையில் ஒட்டிய நாயுருவி இன்னும் உதிரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"எக்கா, இது எங்க ஊரு. அங்கன பெரிய கண்மா இருக்கு. அதை நம்பித்தான் அம்புட்டுக் கெணறும் கெடக்கு. இங்கன ஆலை வந்தா ஊரே நாசமாப் போயிரும்."

"பதறாத தாயி. பாக்காம எளுதிட்டாக. ஞாயித்துக்கிளம நான் வந்து பாக்கேன்."

சொன்னபடி வந்தாள். ஒயர் கூடையில் புரூப் தாள், தண்ணீர் பாட்டில், சிவப்புப் பேனா. கருவேல முள் அவள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தாள். மடையில் தொடங்கி, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வரை கரை முழுக்க நடந்தாள். ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்து, யாருடையது, கோடையில் எத்தனை நேரம் மோட்டார் ஓடும் என்று என் அப்பாவிடம் கேட்டுக் குறித்தாள். அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இந்தம்மா என்ன தாலுகா ஆபீசா?"

"இல்லய்யா, அச்சாபீசு" என்றாள் அக்கா. அப்பா சிரித்துவிட்டார். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

கண்மாய்க் கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அக்கா அந்த வரியைச் சிவப்புக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: ‘திட்ட இடத்தை ஒட்டிக் கண்மாய் உண்டு. அதன் பாசனத்தில் நெல் விளைகிறது. சுற்றியுள்ள கிணறுகளை நம்பிப் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. ஊரின் குடிநீர்க் கிணறும் கண்மாய்க்குள்ளேயே உள்ளது.’

"ஏஜென்ட் அண்ணாச்சி ஒத்துக்கிடுவாராக்கா?"

"ஏன் ஒத்துக்கிட மாட்டாரு? டெல்லிக்குப் போற காகிதம். தப்பாப் போச்சுன்னா அவருக்குத்தான அசிங்கம்?"

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அது கவனப்பிசகு இல்லை, பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அக்காவிடம் சொல்லவில்லை. பொய்யை இவள் சத்தமில்லாமல் உண்மையாக்கிவிட்டாளே என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். திருத்தத்தை அடித்துக் கொடுத்தேன். ஏஜென்ட் வந்தபோது அக்கா புரூப்பை நீட்டி, "ஆறாம் பக்கத்துல கொஞ்சம் திருத்தியிருக்கேன் அண்ணாச்சி, ஒருதடவ பாத்துருங்க" என்று சொல்லத்தான் செய்தாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, செல்போனில் பேசிக்கொண்டே படியிறங்கிவிட்டார். சிவகாசிக்கு ஆர்டர் கொண்டுவருகிற எவரும் புரூப் படிப்பதில்லை. அதைப் படிக்கத்தானே அக்காக்கள் இருக்கிறார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திடலில் நடந்தது. பந்தல், மைக், மேடையில் அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள். ஊர் முழுக்கச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தது. கண்மாயை மறைத்துவிட்டார்கள் என்று முன்பே நான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். திருத்திய சங்கதியைச் சொல்லவில்லை. அச்சான சுருக்கப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது ஆச்சரியப்படட்டும் என்று சின்னப்பிள்ளைத்தனமாக வைத்திருந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கத்தப்போகிற கத்தில் பந்தல் பிய்ந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

புத்தகம் கைக்கு வந்தது. பின்வரிசையில் யாரோ ஆறாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். கண்மாய் உண்டு. நெல் உண்டு. குடிநீர்க் கிணறு உண்டு. பந்தலில் சலசலப்பு அடங்கியது. மடித்துக் கட்டிய வேட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அப்பா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"ஐயாமாருக்கு வணக்கம். நாங்க சண்ட போடத்தான் வந்தோம். எங்க கண்மாய மறச்சுட்டாகன்னு கேள்விப்பட்டோம். இதுல உள்ளத உள்ளபடி போட்டிருக்கு. ஒத்த வார்த்த பொய்யில்ல. இதப் படிச்சுட்டு டெல்லியில உள்ளவக கண்மாக்கரையில ஆலை வைக்க விடுவாகளா? விட மாட்டாக. அவக பாத்துக்கிடுவாகன்னு நம்புறோம்."

ஊர் கைதட்டியது. மேடையில் ஏஜென்ட் புத்தகத்தை அவசர அவசரமாகப் புரட்டுவதைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. பக்கத்திலிருந்த கம்பெனிக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு ஏஜென்ட் நிமிர்ந்து என் அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. எல்லாரும் தக்காளிச் சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா? திருத்திக் குடுத்தா ஏத்துக்கிடுறாக" என்றாள்.

சில மாதங்கள் கழித்து ஆலைக்கு அனுமதி வந்துவிட்டது. அதன் நகலைப் பஞ்சாயத்தில் கொடுத்திருந்தார்கள். முழுக்க ஆங்கிலம். அப்பா அதை என்னிடம் கொடுத்தார். நானும் அக்காவும் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தோம். சுற்றிலும் நீர்நிலை இல்லை என்று இருந்தது. தில்லிக்குப் போனது ஆங்கில அறிக்கை. அதில் அந்த வரி அப்படியேதான் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே, கூட்டத்தில் பொதுமக்கள் எவரும் ஆட்சேபிக்கவில்லை, அறிக்கையில் உள்ளது உண்மை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றும் இருந்தது.

என் அப்பா பேசியதைத்தான் அப்படிப் பதிவு செய்திருந்தார்கள். கண்மாய் இருக்கிறது என்று படித்து அவர் சொன்ன ‘சரி’, கண்மாய் இல்லை என்று எழுதிய தாளின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அப்பாவிடம், அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்; இதைச் சொல்ல மனம் வரவில்லை. தமிழ்ப் புத்தகமும் அதே காகிதக் கட்டோடுதான் தில்லிக்குப் போயிருக்கும். அத்தனை பெரிய ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆளிடம் ஆறாம் பக்கத்தைக் கொடுத்து, இது என்ன சொல்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு எதற்காகத் தமிழில் அச்சடிக்கச் சொன்னார்கள்? எதற்காக என் ஊரைப் பந்தலில் உட்காரவைத்தார்கள்? காட்டையும் தண்ணீரையும் காப்பாற்ற என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் அமைச்சகம், ஒரு கண்மாய் இருக்கிறதா இல்லையா என்பதை அதைக் கெடுக்கப்போகிறவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுமா? இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "ரெண்டு காகிதமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அவக கவனிக்கல" என்றாள். அன்றே தில்லி அமைச்சகத்துக்குத் தமிழில் நாலு பக்கம் கடிதம் எழுதினாள். புத்தகத்தையும் வைத்து, ஆறாம் பக்கத்தில் அடையாளம் வைத்து, கிணற்றுக்காரர்கள் பெயரெல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தினமும் மத்தியானம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்ப்பாள்.

பதில் அவளுக்கு வரவில்லை. அவள் கடிதத்தைக் கம்பெனிக்கே அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார்கள். யார்மேல் புகாரோ அவர்களிடமே. கம்பெனி ரொம்ப எளிதாக விளக்கம் சொல்லிவிட்டது: தமிழ்ப் புத்தகத்தில் இருப்பது அச்சுப்பிழை. திருத்தச் சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

அந்தச் சீட்டை அச்சடிக்க ஏஜென்ட் எங்களிடமே வந்தார். நான் அடிக்க முடியாது என்று எழுந்துவிட்டேன். முதலாளி வேறு ஆளை வைத்து அடித்துக்கொண்டார். மூன்றே வரி. ‘பக்கம் ஆறில், கண்மாய் உண்டு என்று தொடங்கும் பகுதியை, நீர்நிலை ஏதும் இல்லை எனத் திருத்தி வாசிக்கவும்.’ முதலாளி அதை அக்காவின் மேசையில் வைத்து, "எக்கா, கையெளுத்து மட்டும் போட்ருங்க. உங்களால வந்த வம்புதான இது" என்றார்.

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு ஏஜென்டிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, கூட்டத்துக்கு அந்த ஊருக்குப் போனீகள்ல?"

"போனேம்மா."

"கண்மாயப் பாத்தீகளா?"

"கரை வளியாத்தான கார் போச்சு. பாத்தேன்."

"பாத்துட்டா இத எளுதியிருக்கீக?"

ஏஜென்டுக்குக் கோபமில்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "பாத்துட்டுத்தாம்மா எளுதுறோம். மொதல்லயும் பாத்துட்டுத்தான் எளுதுனோம். அங்கன கண்மா இருக்குன்னு தெரியப்போயித்தான அப்பிடி எளுத வேண்டியிருக்கு?"

அக்கா பேனாவை மூடினாள். ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். "ஒங்க ஊருக்குப் பஸ் எப்ப தாயி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் ஆலை வந்தது. குடிநீர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மஞ்சள் ஏறியது. இப்போது எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. அக்கா வேறொரு சின்ன அச்சகத்துக்குப் போனாள், அங்கே எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். இதெல்லாம்கூட ஒருமாதிரி பழகிவிட்டது. எனக்கு இன்னமும் பழகாதது, அக்கா பேனாவை மூடிவிட்டு என்னோடு எங்கள் ஊருக்கு வந்த அந்தச் சாயங்காலம்தான்.

அப்பா கிணற்றடியில் மோட்டாரைப் போட்டுவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா வரப்பில் நின்றபடியே சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு நீங்க மைக்குல சரின்னு சொன்னீகள்ல, அது கம்பெனி எளுதுனதில்ல. நான் எளுதுனது."

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப அவக என்னதான் எளுதியிருந்தாக?"

"நீர்நிலை ஏதும் இல்லன்னு."

வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து வரப்பு மேல் வழிந்தது. அப்பா அதை வெட்டிவிடவில்லை. அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க நல்லதத்தான் செஞ்சீக தாயி. ஆனா அத அப்பிடியே பொய்யாவே விட்டிருந்தீகன்னா, நாங்க சண்ட போட்டிருப்போம்."